பதில் வராத கோரிக்கை: வலைச் செயலியில் நெட்வொர்க் பிழைகளை வரவழைத்துப் பார்ப்பதும் சமாளிப்பதும்

கிராமத்துப் பால் சங்கம் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். விடிகாலை 6 மணி. உறுப்பினர்கள் கேனோடு வரிசையில் நிற்கிறார்கள். பாலை அளந்ததும் எழுத்தர் கைபேசியில் உறுப்பினர் எண், 6.4 லிட்டர், கொழுப்பு 4.2 என்று தட்டி ‘சேமி’யை அழுத்துகிறார். வட்டம் சுற்றுகிறது. சிக்னல் ஒரு கோடுதான். பத்து வினாடி பொறுத்துப் பார்த்துவிட்டு மறுபடி அழுத்துகிறார். அப்புறம் இன்னொரு தடவை. மாதக் கடைசியில் கணக்கைப் பார்த்தால், அந்த ஒரு காலையில் அந்த ஒரு உறுப்பினர் பெயரில் 19.2 லிட்டர் ஏறியிருக்கிறது.

இந்தச் செயலியை எழுதியவர் அக்கறையில்லாதவர் என்று நான் நினைக்கமாட்டேன். அலுவலகத்து ஃபைபர் இணைப்பில், சர்வரும் தன் மடிக்கணினியிலேயே ஓட, நூறு முறை சோதித்திருப்பார். நூறு முறையும் பதில் வந்திருக்கும். பதில் வராமல் போனால் திரை எப்படி இருக்கும் என்பதை அவர் ஒரு தடவைகூடக் கண்ணால் பார்க்கவில்லை.

அதைப் பார்க்கக் கற்றுக்கொள்வதுதான் இங்கே வேலை. பிழையை நாமே வரவழைக்க வேண்டும், பார்க்க வேண்டும், பிறகு சமாளிக்க வேண்டும். வரிசை முக்கியம். பார்க்காத பிழைக்கு எழுதும் நிரல் பெரும்பாலும் வேறு எதற்கோ எழுதியதாகத்தான் முடியும். ஜாவாஸ்கிரிப்ட் ஓரளவு தெரிந்து, ‘ஃபெட்ச்’ கொண்டு சர்வரிடம் பேசத் தெரிந்தால் போதும். பால் கணக்குச் செயலியையே கடைசிவரை உதாரணமாக வைத்துக்கொள்கிறேன்.

எங்கே அறுகிறது?

‘சேமி’யை அழுத்தியதும் நடப்பது இது. பெயரைக் கொடுத்தால் முகவரி சொல்லும் டிஎன்எஸ்ஸிடம் பிரவுசர் சர்வரின் முகவரியைக் கேட்கிறது. அந்த முகவரிக்கு இணைப்பு போடுகிறது. கோரிக்கையை அனுப்புகிறது. சர்வர் தரவுத்தளத்தில் எழுதுகிறது. பதில் கிளம்புகிறது: முதலில் நிலை எண்ணும் தலைப்புகளும், பிறகு உள்ளடக்கம். இந்த வழியில் எந்த இடத்திலும் நூல் அறுந்துபோகலாம்.

எழுத்தருக்கு வேண்டியது ஒரே ஒரு தகவல்தான்: பதிவாகிவிட்டதா? அதற்கு மூன்று விடைகள் உண்டு. ஆகிவிட்டது, ஆகவில்லை, தெரியவில்லை. டிஎன்எஸ் கட்டத்திலோ இணைப்பு போடும்போதோ அறுந்தால் ‘ஆகவில்லை’. கோரிக்கை கிளம்பியபின் அறுந்தால் ‘தெரியவில்லை’. சர்வர் எழுதி முடித்து, பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். கோரிக்கை போய்ச் சேராமலே இருந்திருக்கலாம். இந்தப் பக்கம் நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

நெட்வொர்க் பிழையால் கெட்டுப்போகும் கணக்குகளில் பெரும்பாலானவை, ‘தெரியவில்லை’ என்பதை ‘ஆகவில்லை’ என்று நிரல் எடுத்துக்கொள்வதால் கெட்டுப்போனவை. 19.2 லிட்டர் அப்படி வந்ததுதான். கீழே வரும் படிகளில் பாதி இந்த ஒரு வேறுபாட்டைக் காப்பாற்றுவதற்காகவே.

முதல் படி: பிரவுசரிலேயே பிழையை வரவழைப்பது

குரோமில் செயலியைத் திறந்து எஃப்12 அழுத்தி ‘நெட்வொர்க்’ தாவலுக்குப் போங்கள். மேலே ‘நோ த்ராட்லிங்’ என்றொரு பட்டியல் இருக்கும். அதில் ஃபாஸ்ட் 4ஜி, ஸ்லோ 4ஜி, 3ஜி, ஆஃப்லைன் என்று தயார் நிலைகள் உண்டு. பக்கத்திலேயே ‘டிசேபிள் கேஷ்’ பெட்டியையும் குறியிட்டுவிடுங்கள். இல்லையென்றால் பிரவுசர் சேமித்து வைத்த பழைய பதில் உங்களை ஏமாற்றும்.

புதிதாகச் சோதிப்பவர்கள் ஆஃப்லைனைத் தேர்ந்து பக்கத்தைப் புதுப்பிப்பார்கள். குரோமின் ‘இணையம் இல்லை’ பக்கத்து டைனோசர் வரும். அதோடு சோதனை முடிந்தது என்று நினைத்துவிடுவார்கள். நிஜத்தில் எழுத்தர் அப்படியா மாட்டுகிறார்? பக்கம் ஏற்கெனவே திறந்திருக்கிறது, பாதி படிவம் நிரம்பியிருக்கிறது, அப்போதுதான் சிக்னல் போகிறது. அதனால் இப்படிச் செய்யுங்கள்: பக்கத்தை நல்ல இணைப்பில் திறந்து, படிவத்தை நிரப்பி, அதன்பின் ஆஃப்லைனுக்கு மாறி, ‘சேமி’யை அழுத்துங்கள். அடுத்து, ஸ்லோ 4ஜியில் அழுத்திவிட்டு வட்டம் சுற்றும்போதே ஆஃப்லைனுக்கு மாறுங்கள். மூன்றாவதாக, பிழை வந்தபின் இணைப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் செயலி தானாக எழுந்து நிற்கிறதா என்று பாருங்கள்.

தயார் நிலைகள் எல்லாமே நம் ஊர் மோசமான சிக்னலை விட மரியாதையானவை. அதே பட்டியலில் சொந்தமாக ஒரு நிலை சேர்க்க முடியும். பதிவிறக்கம் 50 கேபிபிஎஸ், பதிவேற்றம் 20 கேபிபிஎஸ், தாமதம் 2,000 மில்லிவினாடி என்று கொடுத்து அரை நாள் அதிலேயே உங்கள் செயலியைப் பயன்படுத்திப் பாருங்கள். எந்தப் பொத்தான் இரண்டு தடவை அழுத்தத் தூண்டுகிறது, எந்தத் திரை வெறுமையாக நிற்கிறது என்பதெல்லாம் பட்டியல் போடாமலே தெரிந்துவிடும்.

ஒரு கோரிக்கை மட்டும் தோற்றால் என்ன ஆகும் என்று பார்க்க, நெட்வொர்க் பட்டியலில் அந்த வரியை வலது சொடுக்கி அதன் முகவரியைத் தடுக்கலாம். உறுப்பினர் பெயர்கள் வருகின்றன, அன்றைய விலை மட்டும் வரவில்லை என்பது போன்ற அரைகுறை நிலைகளை இதில்தான் பார்க்க முடியும். முழு இணைப்பும் போவதைவிட இது அடிக்கடி நடக்கிறது, ஆனால் யாரும் சோதிப்பதில்லை.

இரண்டு எச்சரிக்கைகள். இந்த அமைப்புகள் அந்தத் தாவலுக்கு மட்டும், டெவலப்பர் கருவிகள் திறந்திருக்கும்வரை மட்டும் செல்லும். மேலும் இவை கோரிக்கை அளவில் தாமதம் சேர்க்கின்றன. நிஜ நெட்வொர்க்கில் தொலைவது பாக்கெட்டுகள், அதாவது தரவு பிரிந்து போகும் சிறு பொதிகள். பாக்கெட் அளவில் கெடுக்க லினக்ஸில் ‘நெட்எம்’, ஆப்பிள் கணினிகளில் ‘நெட்வொர்க் லிங்க் கண்டிஷனர்’ இருக்கின்றன. தொடக்கத்தில் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை.

இரண்டாம் படி: பிரவுசர் காட்டாத பிழைகள்

ஆஃப்லைன் உடனே தோற்கும் பிழை. அதைச் சமாளிப்பது சுலபம். கஷ்டமானவை வேறு, அவற்றுக்குக் கொஞ்சம் கைவேலை வேண்டும்.

சர்வர் இறங்கிக் கிடப்பதைப் பார்க்க, உங்கள் கணினியில் ஓடும் சர்வரை நிறுத்திவிட்டு அழுத்துங்கள். இணைப்பு உடனே மறுக்கப்படும். பெயரே கிடைக்காத பிழைக்கு, ஏபிஐயின் (நிரல் அழைக்கும் சர்வர் வாசலின்) டொமைன் பெயர் கடைசியில் ‘.இன்வேலிட்’ என்ற ஆங்கிலப் பின்னொட்டை வையுங்கள். 1999இல் வந்த ஆர்எஃப்சி 2606 என்ற இணைய விதி ஆவணம், அந்தப் பின்னொட்டில் யாரும் பெயர் பதிய முடியாதபடி ஒதுக்கி வைத்திருக்கிறது. பதிலே சொல்லாமல் தொங்கவைக்கும் இணைப்புக்கு 192.0.2.1 என்ற ஐபி முகவரியைக் கொடுங்கள். ஆவணங்களில் உதாரணம் காட்டுவதற்கென்றே ஒதுக்கிய தொகுதியில் உள்ள முகவரி அது. அங்கே பதில் சொல்ல யாரும் இல்லை. வட்டம் எவ்வளவு நேரம் சுற்றுகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள். நாம் கெடு எதுவும் வைக்காவிட்டால் ஃபெட்ச் தானாகக் கெடு வைப்பதில்லை என்பது அப்போது உறைக்கும்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது, பதில் மட்டும் தொலைவது. இதற்கு உங்கள் சோதனை சர்வரில் ஒரு கெடுக்கும் கதவு வைக்க வேண்டும். சர்வரை ஜாவாஸ்கிரிப்டில் எழுத உதவும் நோடும் எக்ஸ்பிரஸும் பயன்படுத்தினால், பால் பதிவு வரும் பாதையில் இப்படி எழுதுங்கள்: தரவுத்தளத்தில் எழுது; எழுதி முடிந்ததும், கோரிக்கையில் ‘சோதனை: பதிலைத் தொலை’ என்ற பொருளில் ஓர் ஆங்கிலத் தலைப்பு இருந்தால் பதில் அனுப்பாமல் சாக்கெட்டை (அந்த இணைப்பை) அழித்துவிடு. இதே கதவில் ‘20 வினாடி தூங்கு’, ‘503 அனுப்பு’, ‘பாதி ஜேசான் (பதில் தரவின் வடிவம்) அனுப்பிவிட்டு அறு’ என்று மற்றவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம். நிஜச் சர்வருக்கு இந்தக் கதவு போய்விடக் கூடாது. சோதனைச் சூழலில் மட்டும் ஏற்றப்படும் தனிக் கோப்பில் வையுங்கள்.

இந்தச் சோதனையை ஓட்டும்போது சிலருக்கு ஓர் ஆச்சரியம் காத்திருக்கும். ஒரே ஒரு தடவை அழுத்தியிருப்பீர்கள், சர்வர் பதிவேட்டில் கோரிக்கை இரண்டு தடவை வந்திருக்கும். உங்கள் நிரலில் தவறில்லை. ஏற்கெனவே திறந்திருந்த இணைப்பு பதில் எதுவும் தராமல் மூடிக்கொண்டால், பிரவுசரே புது இணைப்பில் மறுபடி அனுப்பிப் பார்ப்பதுண்டு. ‘நான்தான் மறுமுயற்சியே எழுதவில்லையே, எனக்கு இரட்டைப் பதிவு வராது’ என்று நிம்மதியாக இருப்பவர்களுக்காகவே இதைச் சொல்கிறேன்.

மூன்றாம் படி: பிழையைச் சரியாகப் படிப்பது

ஃபெட்ச் புதியவர்களை ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. சர்வர் 404 என்றோ 500 என்றோ பதில் சொன்னால் ஃபெட்ச் அதைத் தோல்வியாகக் கருதாது. பதில் வந்துவிட்டது, தன் வேலை முடிந்தது என்று நிறைவேறிவிடும். உங்கள் ‘கேட்ச்’ பகுதி ஓடவே ஓடாது. ஆகவே பதில் கையில் வந்ததும் அதன் ‘ஓகே’ பண்பைப் பார்த்தே தீர வேண்டும். நிலை எண் 200க்கும் 299க்கும் இடையில் இருந்தால் மட்டுமே அது உண்மை என்று இருக்கும்.

பதிலே வராவிட்டால்தான் ஃபெட்ச் தோற்கும். அப்போது கிடைப்பது ‘டைப்எரர்’ என்ற பொதுவான பிழை. குரோம் அதில் ஒரு வாசகம் எழுதும், ஃபயர்ஃபாக்ஸ் இன்னொன்று, சஃபாரி வேறொன்று. வாசகத்தைப் பொருத்திப் பார்த்து முடிவெடுக்கும் நிரல் எழுதாதீர்கள். கன்சோலில் ‘பெயர் கிடைக்கவில்லை’, ‘இணைப்பு மறுக்கப்பட்டது’ என்று காரணம் துல்லியமாகத் தெரியும். உங்கள் ஜாவாஸ்கிரிப்டுக்கு அது தெரியாது. வேண்டுமென்றே மறைத்திருக்கிறார்கள். இல்லையென்றால் ஏதாவதொரு வலைப்பக்கம் உங்கள் வீட்டு நெட்வொர்க்கில் எந்தெந்தக் கருவி இருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துவிடும். கோர்ஸ் அனுமதி (வேறு டொமைனில் உள்ள பக்கம் பதிலைப் படிக்கச் சர்வர் தரும் அனுமதி) இல்லாததால் தடைபட்ட கோரிக்கையும் இதே முகமூடியோடுதான் வரும். உருவாக்கும் நாட்களில் ‘நெட்வொர்க் பிழை’ என்று வருவதில் பெரும்பங்கு கோர்ஸ் பிழைதான். முதலில் கன்சோலைப் பாருங்கள்.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. தலைப்புகள் வந்தவுடனேயே ஃபெட்ச் நிறைவேறிவிடுகிறது. உள்ளடக்கம் இன்னும் வழியில் இருக்கும். நிலை எண் 200 என்று வந்தபிறகும், ஜேசானைப் படிக்கும் வரியில் இணைப்பு அறுந்து பிழை வரலாம். ஆகவே படிக்கும் வரியும் அதே ‘ட்ரை’க்குள் இருக்க வேண்டும். நடுவில் நிற்கும் ப்ராக்ஸி 502 பிழையை எச்டிஎம்எல் பக்கமாக அனுப்பிவிட்டால் ஜேசான் பிரிப்பான் முதல் எழுத்திலேயே திணறும். உள்ளடக்க வகை ஜேசான்தானா என்று பார்த்துவிட்டுப் பிரிப்பது நல்லது.

நான் வழக்கமாக ஃபெட்ச்சை நேரடியாகப் பல இடங்களில் அழைக்காமல், அதற்கு மேல் ஒரே ஒரு செயற்கூறு எழுதிக்கொள்கிறேன். அது எப்போதும் நான்கில் ஒரு முடிவைத் திருப்பித் தரும்: ஆயிற்று, உன் தரவில் தவறு, சர்வரால் இப்போது முடியவில்லை, தெரியவில்லை. 400, 404, 422 எல்லாம் இரண்டாவது. 401 வந்தால் மறுபடி உள்நுழையச் சொல்ல வேண்டும். 429, 503 மூன்றாவது. டைப்எரர், கெடு தாண்டியது, பாதியில் அறுந்த உள்ளடக்கம் எல்லாம் நான்காவது. 500, 502, 504 ஆகியவற்றையும் நான்காவதிலேயே வையுங்கள். 504 என்றால் நடுவில் நின்ற கேட்வே காத்திருந்து அலுத்துவிட்டது என்று பொருள். அதற்குப் பின்னால் இருக்கும் சர்வர் அதற்குள் பாலைப் பதிந்தே முடித்திருக்கலாம்.

நான்காம் படி: கெடு வைப்பது

2022 முதல் பெரிய பிரவுசர்களில் வரத் தொடங்கிய ‘அபார்ட்சிக்னல்.டைம்அவுட்’ இதை ஒரே வரியாக்கிவிட்டது. அதற்கு மில்லிவினாடியைக் கொடுத்து, வரும் சிக்னலை ஃபெட்ச்சிடம் ஒப்படைத்தால் போதும். கெடு தாண்டினால் ‘டைம்அவுட்எரர்’ வரும். பயனரே ரத்து செய்தால் ‘அபார்ட்எரர்’ வரும். முன்னதற்குச் செய்தி காட்ட வேண்டும், பின்னதற்கு எதுவும் காட்டத் தேவையில்லை.

எவ்வளவு கெடு? பட்டியல் படிப்பதற்கு 10 வினாடி, பதிவுக்கு 15 முதல் 20 வினாடி என்று தொடங்கலாம். ரசீதுப் படம் ஏற்றுவதற்கு இந்த அளவு பத்தாது. மிகக் குறைந்த கெடு வைப்பவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கவலையாக இருக்கும். 3 வினாடி என்று வைத்தால் மெதுவான சிக்னலில் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும் கோரிக்கையையும் நாமே கொன்றுவிட்டு, மறுபடி அனுப்பி, ஏற்கெனவே திணறும் இணைப்பில் இன்னும் சுமை ஏற்றுவோம்.

கெடு தாண்டி ரத்து செய்தது நம் காத்திருப்பை மட்டும்தான். சர்வர் அதன்பாட்டுக்கு வேலையை முடிக்கும்.

ஐந்தாம் படி: மறுபடி முயல்வது

படிக்கும் கோரிக்கையை எத்தனை முறை வேண்டுமானாலும் அனுப்பலாம், எதுவும் மாறாது. எச்டிடிபி விதிகளைச் சொல்லும் ஆர்எஃப்சி 9110இன்படி ‘புட்’, ‘டெலீட்’ இரண்டும் பலமுறை அனுப்பினாலும் ஒருமுறை அனுப்பிய விளைவையே தர வேண்டியவை. ‘போஸ்ட்’டுக்கு அந்த உறுதி கிடையாது. நம் பால் பதிவு போஸ்ட். அதற்கான பாதுகாப்பை அடுத்த படியில் கட்டும்வரை தானியங்கி மறுமுயற்சியைப் படிக்கும் கோரிக்கைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

உடனே மறுபடி அனுப்பாதீர்கள். இடைவெளியை ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாக்குங்கள்: 1, 2, 4, 8 வினாடி. அதுவும் போதாது. சர்வர் ஐந்து நிமிடம் இறங்கி ஏறுகிறது என்று வையுங்கள். 300 சங்கங்களின் கைபேசிகளும் அதே கணக்கில் எண்ணிக்கொண்டிருந்தால் எல்லாம் ஒரே வினாடியில் வந்து கதவை மோதும். சர்வர் மறுபடி விழும். ஆகவே இடைவெளியைச் சிதறடிக்க வேண்டும். அமேசான் வெப் சர்வீசஸின் மார்க் புரூக்கர் 2015இல் இதைப் பாவனைச் சோதனையில் ஓட்டிக் காட்டி, பூஜ்யத்துக்கும் உச்ச இடைவெளிக்கும் நடுவில் ஏதாவதொரு நேரத்தைக் குலுக்கி எடுப்பது நன்றாக வேலை செய்கிறது என்று விளக்கினார். தமிழில் எழுதினால் இவ்வளவுதான்:

முயற்சி 0 முதல் 3 வரை:
— அனுப்பு, 15 வினாடி கெடுவோடு
— ‘ஆயிற்று’ அல்லது ‘உன் தரவில் தவறு’ என்றால் அதையே திருப்பிக் கொடுத்து நிறுத்து
— இதுவே கடைசி முயற்சி என்றால் கிடைத்த முடிவைத் திருப்பிக் கொடு
— உச்சம் = 30 வினாடி, அல்லது 1 வினாடி × 2இன் அடுக்கு முயற்சி எண்; இரண்டில் சிறியது
— 0க்கும் உச்சத்துக்கும் நடுவில் ஏதோ ஒரு நேரம் காத்திரு

429 அல்லது 503ஓடு ‘ரீட்ரை-ஆஃப்டர்’ தலைப்பு வந்தால், அது சொல்லும் நேரத்துக்கு முன் போகாதீர்கள். அதில் வினாடி எண்ணிக்கை இருக்கலாம், தேதியும் இருக்கலாம்; இரண்டையும் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஏபிஐ வேறு டொமைனில் இருந்தால், அந்தத் தலைப்பைக் காட்டச் சொல்லிச் சர்வர் தனியாக அனுமதிக்காதவரை உங்கள் நிரல் கண்ணுக்கு அது தெரியாது. வெகுநேரம் தேடவைக்கும் இடம் இது.

மறுமுயற்சியை ஓர் அடுக்கில் மட்டும் வையுங்கள். பிரவுசர் நிரல் 3 முறை, கேட்வே 3 முறை, உள்ளே இருக்கும் சேவை 3 முறை என்று வைத்தால் ஒரே ஓர் அழுத்தலுக்குத் தரவுத்தளம் 27 அடி வாங்கும்.

ஆறாம் படி: ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு சாவி

எழுத்தர் புதுப் பதிவைத் திறந்தவுடன் பிரவுசர் அதற்கு ஒரு தனி எண்ணை உண்டாக்க வேண்டும். ‘கிரிப்டோ.ரேண்டம்யூயூஐடி’ இதற்கே இருக்கிறது. எச்டிடிபிஎஸ் பக்கத்திலும் லோக்கல்ஹோஸ்டிலும் மட்டும் வேலை செய்யும். அந்த எண்தான் சாவி. அதைக் கோரிக்கையோடு அனுப்புங்கள். பணம் செலுத்தும் சேவையான ஸ்ட்ரைப் போன்றவை ‘ஐடெம்பொடன்சி-கீ’ என்ற தலைப்பில் இதைப் பெற்றுக்கொள்கின்றன. நீங்களும் அதே பெயரை வைக்கலாம்.

சாவி பிறக்கும் நேரம்தான் எல்லாம். ‘சேமி’யை அழுத்தும்போது உண்டாக்கினால் ஒவ்வொரு அழுத்தலுக்கும் புதுச் சாவி வரும்; மூன்று அழுத்தல், மூன்று பதிவு, பழைய கதைதான். படிவம் திறக்கும்போது பிறந்து, சர்வர் ‘ஆயிற்று’ என்று சொல்லும்வரை அந்தப் பதிவோடேயே வாழ வேண்டும்.

சர்வர் பக்கம், பால் பதிவு அட்டவணையில் சாவிக்கு ஒரு பத்தி வைத்து, ஒரே மதிப்பு இரண்டு முறை வரக் கூடாது என்ற கட்டுப்பாட்டைத் தரவுத்தளத்திலேயே போடுங்கள். ‘இந்தச் சாவி இருக்கிறதா என்று பார், இல்லையென்றால் எழுது’ என்று நிரலில் மட்டும் எழுதினால், இரண்டு கோரிக்கைகள் ஒரே கணத்தில் பார்த்து இரண்டுமே ‘இல்லை’ என்று முடிவு செய்துவிடும். கட்டுப்பாடு தடுத்தால், முன்பு எழுதிய வரியை எடுத்து முன்பு கொடுத்திருக்க வேண்டிய அதே பதிலைக் கொடுங்கள். பிழை சொல்லாதீர்கள். எழுத்தருக்கு அது முதல் பதில்தானே.

உறுப்பினர் எண், தேதி, காலையா மாலையா என்ற மூன்றையும் சேர்த்தாலே தனித்தன்மை வந்துவிடாதா, தனிச் சாவி எதற்கு என்று கேட்கலாம். ஒரே உறுப்பினர் காலையில் இரண்டு கேன் கொண்டுவரலாம். பசும்பால் ஒன்று, எருமைப்பால் ஒன்று என்றும் வரலாம். நிஜமான இரண்டாவது கேனை இரட்டைப் பதிவு என்று தள்ளிவிட்டால் அது உறுப்பினரின் பணம்.

இன்னொரு சிக்கல். பதில் வராத நிலையில் எழுத்தர் 6.4ஐ 6.5 என்று திருத்தி அதே சாவியோடு அழுத்தினால்? சர்வர் பழைய 6.4க்கான பதிலையே தரும், எழுத்தர் 6.5 ஏறியதாக நினைப்பார். ‘தெரியவில்லை’ நிலையில் இருக்கும் பதிவின் கட்டங்களைப் பூட்டி வைத்து, முதலில் விடை தெரிந்தபின் திருத்தவிடுவதுதான் என் தேர்வு. சர்வரும் அதே சாவி வேறு உள்ளடக்கத்தோடு வந்தால் மறுத்துவிட வேண்டும்.

ஏழாம் படி: மனிதருக்குப் புரியும்படி சொல்வது

‘ஏதோ தவறு நடந்துவிட்டது. பிறகு முயலவும்’ என்ற வாசகத்தைத் தயவுசெய்து எழுதாதீர்கள். வரிசையில் பதினைந்து பேர் நிற்க, ஏறியதா இல்லையா என்று தெரியாமல் தவிக்கும் ஒருவருக்கு அதில் ஒரு தகவலும் இல்லை. மேலே பிரித்த முடிவுகளுக்கு ஏற்ப நான் எழுதுவது இப்படி இருக்கும்:

இணைப்பே இல்லாதபோது: ‘இணைப்பு இல்லை. பதிவு இந்தக் கைபேசியில் இருக்கிறது. இணைப்பு வந்ததும் தானாகப் போகும்.’ அடுத்த படியைச் செய்து முடித்திருந்தால் மட்டுமே இதை எழுதும் உரிமை நமக்கு உண்டு.

தெரியாதபோது: ‘சர்வரிடமிருந்து பதில் வரவில்லை. பதிவு ஏறியிருக்கலாம். மறுபடி அழுத்துங்கள், இரண்டு முறை ஏறாது.’

சர்வரால் முடியாதபோது: ‘சர்வரில் நெரிசல். 20 வினாடியில் தானாக மறுபடி முயலும்.’

தரவில் தவறென்றால்: ‘கொழுப்பு 42 என்று இருக்கிறது. 4.2 ஆக இருக்குமா?’

இரண்டாவது செய்தியைப் பாருங்கள். தெரியாது என்று ஒப்புக்கொள்கிறது, ஆனால் அடுத்து என்ன செய்வது என்பதில் தயக்கம் வைக்கவில்லை. சாவி இருப்பதால்தான் அந்தத் தைரியம். செய்தி வந்து போகும் குமிழாக இல்லாமல் பதிவின் பக்கத்திலேயே நிற்கட்டும். திரைவாசிப்பான் பயன்படுத்துவோருக்கும் எட்ட, அந்தப் பகுதிக்கு ‘ஸ்டேட்டஸ்’ என்ற ரோல் கொடுங்கள்.

எந்தப் பிழை வந்தாலும் தட்டச்சு செய்தது அழியக் கூடாது. பல ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய விண்ணப்பப் படிவம் ஒன்று, பிழை வந்ததும் பக்கத்தைப் புதுப்பித்துக்கொள்ளும். கண் பார்வை மங்கிய ஒரு பெரியவர் அரை மணி நேரம் தட்டியது அப்படிப் போனது. ‘மறுபடி முதலிலிருந்தா தம்பி?’ என்று அவர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. அன்றிலிருந்து, வெற்றி உறுதியாகும்வரை படிவத்தைத் தொடுவதில்லை.

எட்டாம் படி: இணைப்பு இல்லாமலே வேலை நடக்க

பதிவை முதலில் கைபேசியில் எழுதி, பிறகு அனுப்புங்கள். பிரவுசருக்குள்ளேயே இருக்கும் தரவுத்தளமான இண்டெக்ஸ்டு டிபியில் சாவி, லிட்டர், கொழுப்பு, நிலை ஆகியவற்றோடு ஒரு வரி. நிலை ‘காத்திருக்கிறது’ என்று தொடங்கும். சர்வர் ஏற்றபின் மட்டுமே நீக்கப்படும். ‘அனுப்பப்படுகிறது’ என்ற நிலையில் செயலி மூடப்பட்டிருந்தால், மறுபடி திறக்கும்போது அதைக் காத்திருப்பதாகவே எடுத்துக்கொள்ளலாம். சாவி காப்பாற்றும்.

இணைப்பு இருக்கிறதா என்று கேட்க ‘நேவிகேட்டர்.ஆன்லைன்’ உண்டு. அது இல்லை என்று சொன்னால் நம்புங்கள். இருக்கிறது என்று சொன்னால் நம்பாதீர்கள். வைஃபை ரவுட்டரோடு தொடர்பு இருந்தாலே ஆம் என்றுவிடும். ரவுட்டருக்கு வெளியே இணையம் செத்துக் கிடக்கலாம். ஆகவே ‘ஆன்லைன்’ நிகழ்வை அனுப்பிப் பார்ப்பதற்கான தூண்டுதலாக மட்டும் வைத்து, முடிவை அனுப்பிய கோரிக்கையின் பதிலிடம் விடுங்கள். செயலியை மூடியபின்னும் அனுப்பும் ‘பேக்ரவுண்ட் சிங்க்’ குரோமியம் வகைப் பிரவுசர்களில்தான் இருக்கிறது. அதை மட்டும் நம்பி இருக்க முடியாது. இன்னும் ஏறாத பதிவுகள் எத்தனை என்ற எண்ணை எப்போதும் திரையில் காட்டுங்கள். எழுத்தர் வீட்டுக்குக் கிளம்பும்முன் பார்க்க வேண்டியது அந்த எண்தான்.

ஒன்பதாம் படி: இதையெல்லாம் மறுபடி மறுபடி சோதிக்க

கையால் செய்த சோதனை அடுத்த மாத மாற்றத்தில் மறந்துபோகும். பிரவுசரைத் தானாக ஓட்டிச் சோதிக்கும் கருவியான பிளேரைட்டில், பிரவுசரின் கோரிக்கைகளை இடைமறிக்க ‘பேஜ்.ரூட்’ இருக்கிறது. அங்கே ‘ரூட்.அபார்ட்’ என்றால் நெட்வொர்க் பிழை, ‘ரூட்.ஃபுல்ஃபில்’ கொண்டு 503 பதிலை நாமே செய்து கொடுக்கலாம், சூழலை ‘செட்ஆஃப்லைன்’ செய்தால் இணைப்பு போய்விடும். ஷாப்பிஃபை வெளியிட்ட திறமூலக் கருவியான டாக்ஸிப்ராக்ஸியைச் சர்வருக்கும் தரவுத்தளத்துக்கும் நடுவில் வைத்தால் அந்த வழியிலும் தாமதம், துண்டிப்பு எல்லாம் கொடுத்துப் பார்க்கலாம்.

எல்லாச் சோதனைகளையும் எழுத நேரமில்லை என்றால் இந்த ஒன்றை எழுதுங்கள். பால் பதிவுக் கோரிக்கையை இடைமறித்து, முதலில் ‘ரூட்.ஃபெட்ச்’ அழையுங்கள். கோரிக்கை நிஜமாகவே சர்வருக்குப் போய், பதிவாகி, பதில் சோதனையின் கைக்கு வந்துவிடும். அந்தப் பதிலைப் பக்கத்துக்குக் கொடுக்காமல் ‘ரூட்.அபார்ட்’ செய்யுங்கள். பக்கத்தைப் பொறுத்தவரை பதில் தொலைந்துவிட்டது. திரையில் ‘பதிவு ஏறியிருக்கலாம்’ என்ற செய்தி வருகிறதா, கட்டங்கள் பூட்டியிருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு இடைமறிப்பை விலக்கி, ‘சேமி’யை இரண்டு முறை வேகமாக அழுத்தச் சொல்லுங்கள். கடைசியில் தரவுத்தளத்தில் அந்த உறுப்பினரின் அன்றைய காலை வரிகளை எண்ணுங்கள். ஒரு வரி இருக்க வேண்டும், அதில் 6.4 லிட்டர்.